காட்டுக்குள் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்!

பி.காம். படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாக: டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. மணி ஆறரை. மானேஜர் வேறு வாசலில் நின்று செருமுகிறார். என்ன செய்வோம்? இடிக்கிற தொகையைத் தூக்கி 'சஸ்பென்ஸ்' என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவோம். அப்புறம் தேடிக்கொள்ளலாம். பல ஆபீஸ்களில் அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை.

ஜெர்மனியில் வேட்டைக்காரர்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. மானைச் சுடுகிறார். குண்டு படுகிறது. ஆனால் மான் விழவில்லை, ஓடிவிட்டது. செத்ததா, பிழைத்ததா, எந்தப் புதரில் கிடந்து துடிக்கிறது... தெரியாது. இருட்டிவிட்டது. வீட்டில் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.

அங்கே 'அப்புறம்' கிடையாது. அந்த நாட்டு வேட்டைச் சட்டத்தில் 22ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. காயம்பட்ட மிருகத்தை வீணாக அவஸ்தைப்பட விடக் கூடாது, தாமதமில்லாமல் அதன் வேதனையை முடித்து வைக்க வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டில் அந்த ஒரு மானை யார் தேடிக் கண்டுபிடிப்பது?

நாய்தான். அந்த நாயை எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் போன அக்டோபரில் ஹார்ட்ஸ் மலைக்குப் போயிருந்தேன். (ஹார்ஸ் இல்லை சார், ஹார்ட்ஸ். குதிரைக்கும் இருதயத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு ஜெர்மன் மலை.)

* * *

எனக்கும் மான் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. காலேஜில் என் பக்கத்து பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்த நண்பன் இப்போது ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் இருக்கிறான். காஸ்ட் அக்கவுண்டன்ஸியில் மூன்று தடவை கோட்டை விட்டவன். (அவன் ஜெர்மனியில், முதல் தடவையே பாஸ் பண்ணிய நான் மடிப்பாக்கத்தில். கேட்டால் விதி என்பார்கள்.)

"மச்சான், உனக்கு என்ன காட்டட்டும்? பெர்லின் சுவரா, மியூனிக் பீரா?" என்றான்.

"எல்லாரும் பார்த்து எல்லாரும் எழுதியாச்சு. யாரும் எழுதாததா ஏதாவது காட்டுடா."

கொஞ்சம் யோசித்தான். "எங்க ஹவுஸ் ஓனரோட அண்ணன் ஹார்ட்ஸ் மலையில ஃபாரஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். மான் தேடற நாய் வளர்க்கறார். வர்றியா?"

போனோம். காரில் ஒரு மணி நேரம். வழியில் கோஸ்லார் என்ற ஊர். மரச் சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடுகள், கருங்கல் பலகை வேய்ந்த கூரைகள். பக்கத்திலேயே ராம்மல்ஸ்பெர்க் என்ற சுரங்கம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெள்ளியும் ஈயமும் தோண்டி எடுத்துவிட்டு 1988-ல் மூடினார்கள். 1992-ல் ஊரையும் சுரங்கத்தையும் சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிவிட்டது. அதைத் தாண்டினால் மலை. அதன் உச்சி பிராக்கன், 1,141 மீட்டர். நம் கொடைக்கானலில் பாதிதான். ஆனால் குளிர் மட்டும் பாதி இல்லை, இரண்டு மடங்கு. ஏப்ரல் 30 ராத்திரி சூனியக்காரிகள் எல்லாம் துடைப்பத்தில் ஏறி இந்த உச்சிக்குப் பறந்து வருவார்கள் என்று அங்கே ஒரு ஐதீகம். கடை கடையாகச் சூனியக்காரி பொம்மை தொங்குகிறது.

காடு அடர்த்தியாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். பல மலைச் சரிவுகளில் சாம்பல் நிற மொட்டை மரங்கள்தான் நின்றன. 2018-ல் ஆரம்பித்த வறட்சியில் ஸ்ப்ரூஸ் மரங்கள் பலவீனமாகி, பட்டைக்குள் புகுந்து தின்னும் வண்டு வந்து சாய்த்துவிட்டதாம். இப்போது புதிதாகக் கன்றுகள் நட்டு வளர்க்கிறார்கள். மானுக்கு அந்தக் கன்றின் கொழுந்து என்றால் நமக்கு சரவண பவன் மாதிரி.

"அதனாலதான் சுடறீங்களா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"அதனாலயும்தான்" என்றார். ஓநாய் ஒரு காலத்தில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். நூறு வருஷத்துக்கு மேல் ஓநாயே இல்லாமல் இருந்து, 2000 வாக்கில்தான் ஜெர்மனிக்குத் திரும்ப வந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மனிதன்தான் ஓநாய். அந்த நாட்டில் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். லைசென்ஸ் வாங்கப் பரீட்சை எழுத வேண்டும். சட்டம், மிருகங்களின் நோய், காடு வளர்ப்பு, துப்பாக்கி என்று ஏகப்பட்ட பேப்பர். ஃபெயில் ஆனவர்கள் தாராளமாக இருக்கிறார்கள்.

சுடுவது சரியா, தப்பா என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. நம் ஊரில் 1972 சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு அந்தக் கேள்விக்கே இடமில்லை. மான் மேல் கை வைத்தால் ஜெயில். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் குண்டடிபட்ட மானுக்கு வலி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

* * *

பெரியவருக்கு அறுபத்தாறு வயது. பச்சைத் தொப்பி, பச்சை ஜாக்கெட், கை குலுக்கினால் நம் விரலை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவரிடம் இரண்டு நாய்கள். பெரியது ஹெக்ஸே, எட்டு வயசு. ஹெக்ஸே என்றால் சூனியக்காரி. சிறியது ஐந்து மாதக் குட்டி. இரண்டுமே ஹனோவர் ஜாதி. கருஞ்சிவப்பு ரோமம், தொங்கும் காது, நெற்றியில் சுருக்கம். முகத்தைப் பார்த்தால் வட்டிக் கணக்குப் பார்க்கும் செட்டியார் தோற்றார், அவ்வளவு சீரியஸ்.

இந்த ஜாதிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. துப்பாக்கி சரியாக வராத காலத்தில் ராஜாக்கள் வேட்டைக்குப் போகுமுன், மான் எங்கே படுத்திருக்கிறது என்று சத்தமில்லாமல் தடம் பார்த்துச் சொல்ல ஒரு நாய் வைத்திருந்தார்கள். குரைக்காது, ஓடாது. கயிற்றில் கட்டியபடி தரையை முகர்ந்து நடக்கும். துப்பாக்கி வந்ததும் மானைத் தேடும் வேலை போய், காயம்பட்ட மானைத் தேடும் வேலை வந்தது. ஹனோவர் ராஜாக்களின் வேட்டை மாளிகையில்தான் இந்த ஜாதியை வளர்த்து உருவாக்கினார்கள். 1866-ல் பிரஷ்யா வந்து ஹனோவர் ராஜ்ஜியத்தை விழுங்கியது. ராஜா போனார், மாளிகை போனது, நாய் மட்டும் நிலைத்தது. 1894-ல் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அந்தச் சங்கத்துக் குட்டி காசு கொடுத்தால் கிடைத்துவிடாது. தேடும் வேலையை நிஜமாகச் செய்கிறவருக்குத்தான் தருவார்கள். சோபாவில் படுக்க வைத்து போட்டோ எடுக்கிறவர்கள் வேறு ஜாதி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் ஊர்க் கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பற்றிப் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன். முயலைக் கண்டுவிட்டால் அம்பு மாதிரி பாயும் என்றேன். தலையாட்டினார்.

"அது கண்ணால் வேட்டையாடற நாய். முயல் கண்ணுக்கு முன்னாடி ஓடும்போது அதை ஜெயிக்க முடியாது. என் நாய்க்குக் கண்ணு அவ்வளவா வேண்டாம். இது தேடற மிருகம் நேத்து சாயங்காலமே போயிடுச்சு."

நேற்று சாயங்காலம் போனதை இன்று காலை மூக்கால் பார்ப்பது! மனிதன் மூக்கில் மோப்ப அணுக்கள் லட்சக்கணக்கில் என்றால் நாய்க்குக் கோடிக்கணக்கில். நமக்குப் பக்கத்து வீட்டில் மீன் குழம்பு என்று தெரியும். நாய்க்கு எந்த மீன், எப்போது வைத்தது, யார் சாப்பிட்டது என்பது வரை தெரியும்.

* * *

"பழக்கறதுன்னா என்ன?" என்று நான் கேட்டதும் பெரியவர் சிரித்தார். நண்பன் மொழிபெயர்த்தான்: "மோப்பம் பிடிக்க நாய்க்கு யாரும் சொல்லித் தர வேண்டாமாம். ஒரே வாசனையை விடாம பிடிச்சுக்கிட்டுப் போறதுக்குத்தான் பழக்கணுமாம்."

இரண்டு மாதக் குட்டியாக வந்ததும் முதல் பாடம். மானின் இரைப்பைத் துண்டையோ தோலையோ கயிற்றில் கட்டிப் புல்லில் சில மீட்டர் தூரம் இழுத்துப் போவார்கள். முடிவில் சாப்பாட்டுத் தட்டு. குட்டி முகர்ந்துகொண்டே போய்ச் சாப்பிடும். 'தரையில் உள்ள வாசனையைத் தொடர்ந்தால் நல்லது நடக்கும்' என்பதுதான் எல்.கே.ஜி. பாடம்.

அப்புறம் செருப்பு. சிரிக்காதீர்கள், நிஜமான செருப்புதான். பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ஒரு சட்டம். அதன் அடியில் மானின் நிஜக் குளம்பைப் பொருத்தியிருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடந்தால் தரையில் பதிவது மான் தடம். அங்கங்கே ஒரு சொட்டு ரத்தம் விடுவார்கள். அதுவும் கஞ்சத்தனமாக. ரத்தத்தை வாரி இறைத்தால் நாய் ரத்தத்தை மட்டும்தான் தேடப் பழகும். காட்டில் பல மான்கள் கொஞ்ச தூரத்துக்கு மேல் ஒரு சொட்டு கூட விடாது. நாய் அந்தக் குறிப்பிட்ட மானின் குளம்பு வாசனையை, அது மிதித்த புல்லின் வாசனையை, கிளறிய மண்ணின் வாசனையைப் படிக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அந்தச் செருப்பை என் காலில் மாட்டிவிட்டார்கள். குட்டிக்காக முந்நூறு மீட்டர் நடக்க வேண்டும். நடுவில் ஒரு திருப்பம். வழி மறக்காமலிருக்க மரத்துக்கு மரம் துணி உலர்த்தும் கிளிப் மாட்டிக்கொண்டே போனார் பெரியவர். பின்னால் நான், இரண்டு கால் மானாக. 'இந்த மான் கொஞ்சம் குண்டு' என்று நண்பன் போட்டோ எடுத்தான். முடிவில் ஒரு மான் தோலைப் புதருக்குள் வைத்துவிட்டு வந்தோம். தடம் ராத்திரி முழுக்க ஆற வேண்டும். சூடான தடம் யாருக்கும் வரும், ஆறிய தடம்தான் பாடம்.

மறுநாள் காலை. ஆறு டிகிரி. பெரியவர் குட்டிக்கு ஒரு அகலமான தோல் பட்டையைக் கழுத்தில் மாட்டினார். பத்து மீட்டர் நீள வார். அந்தப் பட்டையை இந்த வேலைக்கு மட்டும்தான் மாட்டுவாராம். வாக்கிங்குக்கு வேறு. "யூனிஃபார்ம் மாட்டினா ட்யூட்டின்னு அதுக்குப் புரியணும்." அதுவரை என் ஷூ லேஸைக் கடித்துக்கொண்டிருந்த வாலு, பட்டை மாட்டியதும் சட்டென்று பெரிய மனுஷன் ஆகிவிட்டது.

மூக்கைத் தரையில் வைத்தது. போனது. மெதுவாக. வேகமாகப் போனால் பெரியவர் வாரை இறுக்கிப் பிடிப்பார், அவ்வளவுதான். திட்டுவதில்லை, கத்துவதில்லை. திருப்பம் வந்த இடத்தில் குட்டி நேராகப் போய்விட்டது. நான் "அங்கே இல்லே" என்று வாயைத் திறந்தேன். நண்பன் என் கையைக் கிள்ளினான். பெரியவர் விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். வார் நீண்டு, முடிந்து, நின்றது. குட்டி திரும்பிப் பார்த்தது. அவர் வானத்தைப் பார்த்தார். அது ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். மூக்கு டக்கென்று தரையில் ஒட்டிக்கொண்டது. வலது பக்கம் புறப்பட்டது.

"நான் காட்டிக் கொடுத்திருந்தா அடுத்த தடவை என் முகத்தைப் பார்க்கும், தரையைப் பார்க்காது" என்றார். புதரில் தோல் கிடைத்ததும் மட்டும் மனிதர் குழந்தையாகிவிட்டார். குட்டியைக் கட்டிக்கொண்டு பாடாத குறை.

இதைத் தினமும் செய்யக் கூடாதாம். வாரம் ஒரு தடவை போதும். அளவுக்கு மீறினால் அதுவும் ஆபீஸ் ஆகிவிடும். போகப் போகத் தடத்தின் வயதும் நீளமும் கூடும். பரீட்சை என்று வந்தால் ஆயிரம் மீட்டர். கால் லிட்டர் ரத்தத்தைத்தான் அவ்வளவு தூரத்துக்கும் நிரவ வேண்டும். தடம் போட்டு இருபது மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நாற்பது மணி நேரப் பரீட்சையும் தனியாக உண்டு. நாய் வழி தவறினால் இரண்டு முறை வரை திரும்பக் கூட்டி வந்து விடலாம். மூன்றாவது முறை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

அதைவிடப் பெரிய பரீட்சை நாய்க்காரருக்கு. கடைசிக் கட்டத்தில் தடத்தை வேறு ஒருவர் போட்டு வைப்பார். கிளிப் கிடையாது. பெரியவர் சொன்ன ஒரு வரியை நான் டயரியில் எழுதி வைத்துக்கொண்டேன்: "எனக்குத் தெரிஞ்ச தடத்துல நாய் என்னைப் படிக்கும். எனக்குத் தெரியாத தடத்துல நான் நாயைப் படிக்கணும்."

எல்லா நாயும் ஒரே மாதிரி சொல்லாது. சில நாய்களை அவிழ்த்துவிட்டுத் தேட வைப்பார்கள். மானின் உடலைக் கண்டதும் அங்கேயே நின்று விடாமல் குரைப்பது ஒரு ரகம். இன்னொரு ரகத்துக்குக் கழுத்துப் பட்டையில் ஒரு சின்னத் தோல் துண்டு தொங்கும். மான் கிடைத்துவிட்டால் அந்தத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு எஜமானிடம் திரும்பி ஓடி வரும். வாயில் துண்டு இருந்தால் 'கிடைத்தது', இல்லாவிட்டால் 'கிடைக்கவில்லை'. எத்தனை ஆபீஸில் இவ்வளவு தெளிவாக மெமோ வருகிறது, சொல்லுங்கள்!

கட்டைக் கால் டாஷண்ட் கூட இந்த வேலை பார்க்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் கலர் கலராகக் கோடு போட்டு சின்னமாக வந்ததே, வால்டி, அதே ஜாதிதான். மூக்கு எப்போதும் தரைக்குப் பக்கத்திலேயே இருப்பது அதற்குப் பெரிய சௌகரியம்.

* * *

காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெரியவர் கேட்டுக்கொண்டே கப்பைக் கீழே வைத்தார். எழுந்து ஹெக்ஸேயின் பட்டையை எடுத்தார். முகம் மாறிவிட்டது.

இருபது நிமிஷத் தூரத்தில் ஒரு காட்டில் முந்தின நாள் சாயங்காலம் ஒரு வாலிபர் மானைச் சுட்டிருக்கிறார். சிவப்பு மான் என்று அங்கே சொல்லும் பெரிய ஜாதி, நம் கடமானுக்குத் தம்பி. ஒன்றரை வயசு ஆண். விழவில்லை.

போய்ப் பார்த்தோம். வாலிபருக்கு முப்பது இருக்காது. ஏதோ பேங்க்கில் வேலை. ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணே சொன்னது. பெரியவரிடம் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நிறுத்து" என்றார் பெரியவர். "சுட்ட இடத்தை அடையாளம் வச்சியா?"

"வச்சேன். ஐம்பது அடி தேடிட்டு நிறுத்திட்டேன். மிதிச்சுக் கெடுக்கக் கூடாதுன்னு..."

"போன் பண்ணினியே, அதுவே பாதி வேலை." அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "சரியாப் படலைன்னு சொல்லிட்டு சிலபேர் வீட்டுக்குப் போயிடுவான். யாருக்குத் தெரியும்?" என்றார்.

சுட்ட இடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு, பேரேட்டில் எண் தேடுகிறவர் மாதிரி புல்லை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொஞ்சம் ரோமம். ஒரே ஒரு சொட்டு கறுத்த ரத்தம், அதில் பச்சையாகத் துணுக்கு. நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சைத் துணுக்கு என்றால் வயிறு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாலிபர் புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாதாம். துரத்தினால் அந்த வலியோடு மைல் கணக்கில் ஓடும். விட்டால் கொஞ்ச தூரத்தில் படுத்துவிடும். அதனால்தான் ராத்திரிக் காத்திருப்பு. தேடுகிறவருக்கு மிகக் கஷ்டமான வேலை இந்தச் சும்மா இருப்பதுதான்.

ஹெக்ஸே கிளம்பினாள். (நாயை 'அது' என்று எழுத இந்த இடத்தில் எனக்கு மனசு வரவில்லை.)

"ஓடைப் பக்கமாத்தான் போச்சு, நான் பார்த்தேன்" என்றார் வாலிபர். ஹெக்ஸே நூறு மீட்டர் அந்தப் பக்கம் போனாள். பிறகு இடது பக்கம் திரும்பி மலை ஏற ஆரம்பித்தாள். அடிபட்டது மேட்டில் ஏறுமா? வாலிபர் வாயைத் திறந்து மூடினார். இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர். தரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெரியவர் தரையைப் பார்க்கவே இல்லை. ஹெக்ஸேயின் வாலை, முதுகை, காதைத்தான் பார்த்தார். வார் அவர் கையில் எவ்வளவு இறுகுகிறது என்று பார்த்தார்.

ஓரிடத்தில் அவள் தலையைத் தூக்கினாள். வேறு மான் கூட்டம் அப்போதுதான் அந்த வழியே கடந்திருக்க வேண்டும். புத்தம் புதிய, ஆரோக்கியமான மான்களின் வாசனை. நேற்று ராத்திரிப் பழைய சோறு ஒரு பக்கம், சுடச்சுட பிரியாணி ஒரு பக்கம். பெரியவர் நின்றார். இழுக்கவில்லை. அரை நிமிஷம். அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மூக்கைப் பழைய தடத்திலேயே வைத்தாள். முந்தின நாள் சாயங்காலம் என்னைக் குளம்புச் செருப்போடு நடக்க வைத்தது இந்த அரை நிமிஷத்துக்குத்தான் என்று அப்போது புரிந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் போய் ஒரு பெரணிச் செடி முன்னால் நின்று மூக்கால் தொட்டுக் காட்டினாள். இலைக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு கறுத்த சொட்டு.

வாலிபர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் எந்தப் பக்கமும் கை காட்டவில்லை.

அடர்ந்த இளங்கன்றுகள் இருந்த இடம் வந்ததும் பெரியவர் எங்களைக் கையால் நிறுத்தினார். புல்லில் ஏதோ படுத்திருந்த குழி, இன்னும் ஈரமாக. உள்ளே கிளை ஒடியும் சத்தம். உயிரோடு இருக்கிறது! வாரை அவிழ்த்துவிட்டார். ஹெக்ஸே மறைந்தாள். இத்தனை நேரம் ஒரு சத்தம் கூடப் போடாதவள், கொஞ்ச தூரத்தில் கனமான குரலில் குரைக்க ஆரம்பித்தாள். முதலில் அந்தக் குரல் நகர்ந்தது. பிறகு ஒரே இடத்தில் நின்றது. நின்ற இடத்திலேயே மானை மடக்கி வைத்திருக்கிறாள். பெரியவர் துப்பாக்கியோடு குனிந்து உள்ளே போனார். நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

ஒரு வெடி. அப்புறம் குரைப்பு இல்லை.

பதினான்கு மணி நேரம் அந்த மான் வயிற்றில் குண்டோடு படுத்திருந்திருக்கிறது. அந்த வெடிச் சத்தம் கேட்டு நிம்மதி வரும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

* * *

போய்ப் பார்த்தபோது ஹெக்ஸே மானுக்குப் பக்கத்தில் அமைதியாகப் படுத்திருந்தாள். கடிக்கவில்லை, குதறவில்லை. பெரியவர் ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து சின்னக் கிளைகள் ஒடித்தார். ஒன்றை மானின் வாயில் வைத்தார். கடைசி வாய் என்று பெயராம் அதற்கு. நம் ஊர் வாய்க்கரிசி ஞாபகம் வந்தது. இன்னொன்றை வாலிபரிடம் தந்தார். சுட்டவர் அதைத் தொப்பியில் செருகிக்கொள்வது வழக்கம். ஆனால் நாய் தேடிக் கண்டுபிடித்த மான் என்றால் ஒரு விசேஷ விதி: சுட்டவர் அதில் பாதியை ஒடித்து நாய்க்காரருக்குத் தர வேண்டும். நாய்க்காரர் அதில் ஒரு துண்டை நாயின் கழுத்துப் பட்டையில் செருக வேண்டும். மரியாதை மூன்று பங்கு.

வாலிபரின் கை நடுங்கியது. கிளையை இரண்டாக ஒடிக்க முடியவில்லை. ஒருவழியாக ஒடித்துக் கொடுத்துவிட்டு ஹெக்ஸேயின் தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். நண்பன் மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காருக்குத் திரும்பியதும் பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கோடு போட்ட கட்டங்கள்: தேதி, சுட்ட நேரம், தேட ஆரம்பித்த நேரம், எங்கே பட்டது, எவ்வளவு தூரம், முடிவு. நாய் கழுத்தில் இருந்த ஜி.பி.எஸ். பட்டை 1,840 மீட்டர் என்று காட்டியது. எழுதினார். என் தொழில் புத்தி, பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். சில வரிகளில் முடிவுக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும்.

"இது என்ன?"

"கிடைக்கலை" என்றார். "அதையும் எழுதணும். முக்கியமா அதை எழுதணும்."

நான் இதுவரை ஆடிட் பண்ணிப் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு காலம் இருந்ததில்லை.

பின் சீட்டில் கூண்டுக்குள் குட்டி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் கதவைத் திறந்து ஹெக்ஸேயைப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். குட்டி எட்டி அவள் கழுத்துப் பட்டையில் இருந்த மரியாதைக் கிளையை லபக்கென்று பிடுங்கி, சாவகாசமாக மென்று தின்றது. ஹெக்ஸே கண்டுகொள்ளவே இல்லை. மூக்கை முன்னங்கால் மேல் வைத்துத் தூங்கிவிட்டாள்.

"இது எப்போ சார் இந்த மாதிரி வேலைக்குப் போகும்?" என்றேன்.

"ரெண்டு வயசு ஆகட்டும்" என்றார் பெரியவர். "அடுத்த வாரம் நானூறு மீட்டர். நீங்க இருப்பீங்கன்னா சொல்லுங்க, உங்க தடம் இதுக்குப் பிடிச்சுப் போச்சு!"